தொகுதிமுறைப் பதிவு மீட்பு
தொகுதிமுறைப் பதிவு மீட்பு என்பது தரவுத்தளத்தில் உள்ள பெருந்தொகையான பதிவுகளை ஒரே வினவலில் பெறாமல், நிரல் ஒன்றின் மூலம் சிறு சிறு தொகுதிகளாகப் பெறும் முறையாகும். இலட்சக்கணக்கான பதிவுகளை ஒருசேரப் பெற்றால் நினைவகம் போதாமல் நிரல் இடையிலேயே நின்றுவிடக்கூடும்.

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆகியவற்றில் லிமிட், ஆஃப்செட் ஆகிய குறிச்சொற்களைக் கொண்டு இதனை எளிதில் செய்யலாம். ஆயினும் ஆஃப்செட் உண்மையில் தாவிச் செல்வதில்லை. 5,00,000 பதிவுகளுக்கு அடுத்துள்ள 1000 பதிவுகளைக் கேட்டால், தரவுத்தளம் முந்தைய 5,00,000 பதிவுகளையும் படித்து ஒதுக்கிய பின்னரே விடை தருகிறது. எனவே நிரல் போகப்போக மெதுவாகும்.

இதனினும் கெடுதலானது, பெற்ற பதிவுகளை உடனுக்குடன் அழிக்கும் நிரல்களில் நேரும் பிழை. முதல் 1000 பதிவுகள் அழிந்ததும் எஞ்சியவை முன்னே நகர்ந்துவிடும். அடுத்த வினவல் 1000 பதிவுகளைத் தாண்டிப் படிப்பதால், முடிவில் ஏறத்தாழப் பாதிப் பதிவுகள் விடுபட்டிருக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

ஆகவே முதன்மைச் சாவியைப் பின்தொடர்வதே நன்று. கடைசியாகப் பெற்ற பதிவின் எண் 48210 எனில், அதனினும் பெரிய எண்ணுடைய 1000 பதிவுகளை ஏறுவரிசையில் கேட்க வேண்டும். சாவிக்குச் சுட்டுவரிசை இருப்பதால் வேகம் குறையாது. அவ்வெண்ணைக் குறித்து வைத்தால், நின்றுபோன நிரலை அங்கிருந்தே தொடரலாம்.