கதை சொல்லிக் கற்ற ஆங்கிலம்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் கல்லூரியின் அதிபர்கள், கட்டடங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் பற்றிய வரலாறுகள் இடம்பெறுகின்றன. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு வரலாற்றையும் இங்கு குறித்து வைக்க விரும்புகின்றோம். அது ஆங்கில பாடவேளையில் நாம் சொன்ன கதைகளின் வரலாறு.

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். பின்னர் குடாநாட்டில் எழுந்த பெண்கள் கல்லூரிகள் பலவற்றில் ஆங்கிலம் பெரும்பாலும் மனனத்தாலேயே கற்பிக்கப்பட்டது. வாசிப்புப் புத்தகம், செய்யுள் ஒப்புவித்தல், சொல்வதெழுதல் என்பவையே பாடம். சில பாடசாலைகளில் தமிழில் பேசினால் தண்டமும் உண்டு. எம்முள் மூத்தவர்கள் உறைபனி கொட்டும் ஊர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஒப்புவித்தார்கள். வீட்டு வளவில் நின்ற பனையைப் பற்றி இரண்டு வசனம் சொல்லச் சொன்னால் வாயடைத்து நின்றார்கள்.

1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனா மொழியாயிற்று. 1950களில் இடைநிலை வகுப்புகளும் படிப்படியாக அவ்வழியே சென்றன. பணம் உள்ளவருக்கே திறந்திருந்த கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தது பெரும் பேறு. ஆனால் நாள் முழுவதும் காதில் விழுந்த ஆங்கிலம் ஒரு பாடவேளைக்குள் சுருங்கியது. அந்தச் சிறு நேரத்தில் பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று எமது ஆசிரியைமார் யோசித்தனர். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதையை எடுத்தனர். கதை தெரிந்திருந்தால் பொருளைத் தேடவேண்டியதில்லை. சொல்லை மட்டும் தேடினால் போதும்.

இது எமக்குப் புதிய முறையும் அன்று. எங்கள் கோயில்களில் கந்தபுராண படனத்தின்போது ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். வகுப்பிலும் ஆசிரியை ஒரு வசனம் வாசிக்க, ஒருத்தி அதைத் தன் சொற்களில் சொன்னாள். பின்னர் வட்டமாக இருந்து ஆளுக்கொரு வசனமாகக் கதையை வளர்த்தோம். இலக்கணப் புத்தகத்தில் பிடிபடாத இறந்தகால வினைகள் நாவில் தாமாகவே படிந்தன. சொல்லி முடியும்வரை ஆசிரியை பிழை திருத்த மாட்டார். பாட்டி சுட்ட வடைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டபோது, வடை என்றே சொல்லலாம் என்றார். முடிவை மாற்றவும் விட்டார். எங்கள் கதையொன்றில் பாட்டி நரியைத் துரத்திப் பிடித்து வடைக்குக் காசு கேட்டாள்.

1990களில் மின்சாரம் இல்லை, கடதாசிக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலில் வகுப்புகள் நடந்தபோது, புத்தகமும் கொப்பியும் கேட்காத பாடமாகக் கதையே மிஞ்சியது. விட்டுவந்த நாயைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் பிள்ளைகள் கதை சொன்னார்கள். தமிழில் சொன்னால் பாதியில் அழுகை முட்டும். ஆங்கிலத்தில் அடுத்த சொல்லைத் தேடும் கவனத்திலேயே சொல்லி முடித்துவிடலாம். அந்நிய மொழி எமக்கு உதவிய வகைகளில் இதுவும் ஒன்று.

1997இன் கல்விச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து, செயற்பாட்டுவழி வாய்மொழி ஆங்கிலம் 1999இல் நாடெங்கும் முதலாம் தரத்தில் தொடங்கியது. விளையாட்டு, பாட்டு, கதை ஆகியவற்றின் ஊடாகப் பிள்ளை முதலில் பேசட்டும் என்பதே அதன் நோக்கம். எமது ஆசிரியைமார் தம் அனுபவத்தால் கண்டது பாடத்திட்டமாகவே வந்தது கண்டு மகிழ்ந்தோம். எனினும் போட்டிக்கென யாரோ எழுதிக்கொடுத்த கதையைப் பாடமாக்கி, கையசைவு பிசகாமல் ஒப்புவிக்கும் சிறுமிகளை இன்றும் காண்கின்றோம். பழைய மனனம் புதுச்சட்டை போட்டு வந்திருக்கிறது. பிள்ளை தானே சோடித்த, பிழைகள் மலிந்த கதையே மொழியை அவளுக்குச் சொந்தமாக்கும் என்பது எமது அனுபவம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் சகோதரிகளே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் ஊர்க் கதைகள்தான் அவர்களுக்குத் தூரம். அன்று வட்டமாக இருந்து கற்ற மொழியில் இன்று அவர்களுக்கு அக்கதைகளைச் சொல்லுங்கள். சொல்லும் கதைகளுள் ஒன்றையேனும் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். பனையும் கிணற்றடியும் வரும் ஆங்கிலக் கதைகள் ஆரம்பப் பிரிவு ஆசிரியைமாருக்குத் தேவை. அவற்றின் முடிவை மாற்றும் உரிமையை மட்டும் அங்குள்ள சிறுமிகளுக்கே விட்டுவிடுவோம்.