தோட்டத்து ஆற்றில் தங்கம்: சொந்தக்காரர் யார்?

தோட்டங்களின் வரலாறு குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தோம். கெமஞ்சே பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “சனி, ஞாயிறு ஆனா பசங்க சட்டிய எடுத்துக்கிட்டு எங்க தோட்டத்து ஆத்துல தங்கம் அரிக்கிறாங்க. பொழுதுபோக்குதான். மேனேஜரு சரின்னுட்டாரு. அப்புறம் என்ன தப்பு?” அரங்கமே சிரித்தது. ஆனால், கேள்வி சிரிப்புக்கு உரியதல்ல.

நெகிரி செம்பிலான் மண்ணில் தங்கம் என்பது கட்டுக்கதை அன்று. லேடாங் மலையை ஐரோப்பியர் ‘ஓஃபிர்’ என்றார்கள். சாலமன் மன்னனுக்குத் தங்கம் போன ஊரின் பெயர் அது. 1839-இல் நூல் வெளியிட்ட ஆங்கிலேய அதிகாரி நியூபோல்ட், அம்மலையைச் சுற்றி, செண்ட்ராஸ் உட்பட, தங்கம் எடுத்த இடங்களைக் குறிப்பிடுகிறார். பகாங்கின் ரவுப்பில் 1889-இல் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். நம்மவர்கள் இங்கே பால்மரம் சீவ வந்தார்கள். காலுக்கடியில் என்ன இருந்தாலும் அது அவர்கள் கணக்கில் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 40-ஆவது பிரிவு: மாநிலம் தனியாக எழுதிக் கொடுக்காதவரை, எந்த நிலத்தில் கிடைக்கும் கனிமமும் மாநில அரசுக்கே சொந்தம். கிராண்ட் கையில் இருந்தாலும் நிலம்தான் உங்களுடையது, தங்கம் அல்ல. ஆறாவது பொதுவானதா என்றால், 1920-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி இம்மாநிலத்து ஆறுகள் ஆட்சியாளரைச் சேர்ந்தவை. அப்படியிருக்க, மேனேஜர் தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுப்பார்? தோட்டத்துக்குள் நுழைய அவர் அனுமதி வேண்டும். தங்கம் அரிக்க அது போதாது.

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களை மீட்கத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசைக் கொடுத்தார்கள். வியர்வை சிந்தி வாங்கிய அந்த நிலத்துக்கும் இதே விதிதான். எனக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் துரைமார் கம்பெனிக்கும் அதுவே விதி என்பதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதல்.

பழைய சட்டம் ஏழைக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருந்தது. 1928-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டக் காலத்தில் ‘டூலாங் பாஸ்’ என்று ஒன்று உண்டு. மரத்தட்டை ஏந்தி இடுப்பளவு நீரில் நின்று ஈயம் அரித்தவர்கள், பெரும்பாலும் சீனப் பெண்கள், அந்தச் சீட்டோடுதான் ஆற்றில் இறங்கினார்கள். சீட்டு இல்லாதவர் குற்றவாளி. தட்டு சின்னது என்பதால் சட்டம் விட்டுவிடவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் சிக்கல். கூட்டரசு அரசியலமைப்பின்படி, கனிமம் தேடவும் தோண்டவும் உரிமம் தருவது மாநிலம். சுரங்க வேலையை மேற்பார்ப்பது 1994-ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் கூட்டரசு. நமக்கு வேண்டிய கதவு சிரம்பானில் உள்ள நில, கனிம அலுவலகம். பொழுதுபோக்காக அரிப்பவரும் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும்.

கோலார் தங்கவயலை நம் தமிழர்கள் தோண்டியது தெரியும். அங்கே தொடக்கமே ஒரு மனுதான். ஓய்வுபெற்ற படைவீரர் லாவெல், 1873-இல் மைசூர் அரசுக்கு எழுதி அனுமதி கேட்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைச் சொன்னதும் பெரியவர் மறுபடி எழுந்தார். “பாரம் தமிழ்ல கிடைக்குமா?” மலாயில்தான், ஐயா என்றேன். “சரி, பேத்தியக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.