பேய் வீட்டின் பூர்வ கதை

தீவுத்திடல் பொருட்காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பேய் வீடு புதிதல்ல. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கினால், நடந்தே போய்விடலாம். பெரிய அப்பளம் விற்கும் கடையையும் ராட்சத ராட்டினத்தையும் தாண்டினால், தகரத்தாலும் துணியாலும் கட்டிய ஒரு கொட்டகை. முகப்பில் நாக்கை நீட்டிய அரக்கன். ஒலிபெருக்கியில் ஓயாத அலறல். நீங்கள் முதன்முறையாக அதற்குள் நுழையப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் சீட்டு இருக்கிறது. தம்பி உங்கள் சட்டையைப் பிடித்திருக்கிறான். உள்ளே இருப்பவை பொம்மைகள் என்பது அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது.

காசு கொடுத்துப் பயத்தை வாங்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? இதன் மூலவர்களைத் தேடிப் போனால் மந்திரவாதிகளை அல்ல, இயற்பியல் படித்தவர்களைத்தான் மிகுதியாகச் சந்திக்கிறோம்.

ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஊசல் கடிகாரத்தைச் செய்தவர். சனிக்கோளைச் சுற்றி வளையம் இருப்பதை விளக்கியவர். 1659 ஆம் ஆண்டு அவர் வரைந்த சில சிறு படங்களில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறது. கண்ணாடித் துண்டில் தீட்டிய படத்தை விளக்கொளியாலும் வில்லையாலும் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் மாய விளக்குக்காக வரைந்தவை அவை. ஆக, அந்தக் கருவி பிறந்தபோதே அதனுள் எலும்புக்கூடும் பிறந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஹைகன்ஸ் இதற்காக வெட்கப்பட்டார். அவருடைய தந்தை பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்கு அப்படியொரு விளக்கைக் கேட்டபோது, அது வேலை செய்யாதபடி ஒரு வில்லையை எடுத்துவிடுமாறு தம்பிக்குக் கடிதம் எழுதினார்!

ஹைகன்ஸ் மறைக்க விரும்பியதை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் வேறொருவர் தொழிலாகவே ஆக்கினார். லியேஜ் நகரில் பிறந்த எத்தியேன் காஸ்பார் ராபர்ட்சன் 1798 இல் பாரிசில் காட்சிகளைத் தொடங்கி, அடுத்த ஆண்டு பாழடைந்த ஒரு துறவியர் மடத்துக்கு இடம் மாறினார். பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக் கருவி ஓய்ந்து சில ஆண்டுகளே ஆன நேரம் அது. பார்வையாளர் கல்லறை போன்ற கூடத்தில் இருட்டில் அமர்வார்கள். திரைக்குப் பின்னால், சக்கரம் பூட்டிய மாய விளக்கை ஓசையின்றி நகர்த்துவார்கள். விளக்கு திரையைவிட்டு விலக விலக உருவம் பெரிதாகும். பேய் பாய்ந்து வருவதுபோல் தோன்றும். புகையின்மேல் விழும் ஒளி காற்றில் மிதக்கும். மக்கள் அலறினார்கள். ஆனால் ராபர்ட்சன் தம்மை மந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. இயற்பியலார் என்றே சொல்லிக்கொண்டார். நம் நாட்டுச் சாமியார்கள் சிலரிடம் இந்த நேர்மை இருந்திருக்கலாம்!

இங்கேயும் மாய விளக்கு வந்து சேர்ந்தது. 1890களில் மும்பையை அடுத்த கல்யாணில் பட்வர்தன் குடும்பத்தார் கண்ணாடியில் தீட்டிய படங்களைக் கொண்டு புராணக் கதைகளைக் காட்டினர். 1905 இல் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரைப்படக் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். சீட்டு வாங்கி இருட்டுக்குள் போய் உட்காரும் பழக்கத்தைத் தமிழ்நாட்டு ஊர்கள் பலவும் அப்படித்தான் கற்றுக்கொண்டன.

இனி, எனக்கு மிகவும் பிடித்த தந்திரத்துக்கு வருகிறேன். இரவில் பூந்தமல்லிக்குப் போகும் குளிரூட்டிய பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. சாலையோர மரங்களின்மேல் உங்கள் முகம் மிதந்துகொண்டே வரும்; அதன் ஊடே மரங்களும் தெரியும். எதிரே ஒரு லாரியின் முகப்பு விளக்கு அடித்தால் முகம் கரைந்துபோகும். சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. மற்றதில் பெரும்பகுதியை ஊடே விடுகிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

இதை மேடையேற்றலாம் என்று 1858 இல் முதலில் எண்ணியவர் ஹென்றி டிர்க்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் சொன்ன முறைக்கு நாடகக் கொட்டகையையே மாற்றிக் கட்ட வேண்டியிருந்ததால் யாரும் சீந்தவில்லை. லண்டன் ராயல் பாலிடெக்னிக் கழகத்தின் ஜான் ஹென்றி பெப்பர் அதை எளிதாக்கினார். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளம். அதற்குமேல் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடிப் பலகை. பள்ளத்தில் நிற்கும் நடிகர்மேல் வெளிச்சம் பாய்ச்சினால், மேடையில் ஒரு பேய் நிற்கும். வெளிச்சத்தைக் குறைத்தால் மறைந்துவிடும். 1862 டிசம்பர் 24 அன்று, டிக்கன்ஸின் பேய்க் கதை ஒன்றை வைத்து அவர் இதை முதலில் காட்டினார். மைக்கேல் பாரடே வந்து பார்த்தும் விளங்கவில்லையாம். மேடைக்குப் பின்னே அழைத்துப்போய் அவர் கையைக் கண்ணாடியின்மேல் வைத்த பிறகே புரிந்தது என்று பெப்பர் சொல்லியிருக்கிறார். பாரடேக்கே அந்த நிலை என்றால் நம் தம்பியைக் குறைசொல்ல முடியுமா? அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1969 இல் திறந்த பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடும் கூடம் இதே பெப்பர் தந்திரத்தால்தான் இயங்குகிறது.

பேய் ரயில் வந்த கதை சிறியது. 1928 இல் லியான் காசிடி என்பவர் இருட்டறைக்குள் வளைந்து வளைந்து செல்லும் தண்டவாளம் போட்டு ஒற்றைப் பெட்டியை ஓடவிட்டார். சின்ன இடம் நீண்ட பயணமாகிவிட்டது. நம் முறுக்கைப்போல் முறுக்கிய ஒரு ரொட்டியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மேல்நாடுகளில் அக்டோபர் 31 ஹாலோவீன் இரவு. 1973 இல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி பூங்கா அந்த நாளையொட்டி முழுப் பூங்காவையும் பேய்க்காடாக மாற்றத் தொடங்கியது. மற்றப் பூங்காக்களும் பின்தொடர்ந்தன. அச்சமூட்டும் வேடம் நமக்குப் புதிதல்ல. மகாசிவராத்திரியை அடுத்து வரும் மயானக் கொள்ளையில் காளி வேடம் பூண்டு வருபவர் பக்கத்துத் தெருக்காரர் என்று தெரிந்தும் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

வண்டலூரிலிருந்து பூந்தமல்லி, ஆவடிப் பக்கமாகச் செல்லும் வெளிவட்டச் சாலையின் தென்கோடியில், தாம்பரத்தை அடுத்து 1995 இல் கிஷ்கிந்தா பூங்கா உருவானது. அதை நிறுவியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) அவர் தயாரித்ததுதான். குட்டிச்சாத்தான் கண்ணாடி அணிந்த பார்வையாளரின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றதும் ஒளியின் வேலையே: இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களை, முனைவாக்கிய ஒளியால் பிரித்து அனுப்புவது. ராபர்ட்சனைப்போலப் பேயைக் காட்டிப் பழகியவர் ஒருவர் கேளிக்கைப் பூங்கா கட்டினார் என்பது பொருத்தம்தான்.

இப்போது மறுபடி வாசலுக்கு வருவோம். வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழைகிறீர்கள். விழித்திரையின் குச்சி அணுக்கள் இருளுக்கு முழுதும் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். பேய் வீடோ சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே கடைசிவரை நீங்கள் பாதிக் குருடர். திடீரென்று ஓர் அலறல் கேட்டதும் மூளை ஆராய்ந்து பார்ப்பதற்கு முன்பே உடல் துள்ளிவிடுகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. பொம்மை என்று அறிந்தும் பயந்ததன் காரணம் இது. ஆபத்தில்லை என்று மூளை கண்டுகொண்டதும் அந்தப் படபடப்பே சிரிப்பாகிறது.

ஆபத்தில்லை என்பது உண்மையாக இருக்க வேண்டுமல்லவா? 1979 ஜூன் 9 அன்று சிட்னி லூனா பூங்காவின் பேய் ரயிலில் தீப்பிடித்து ஆறு குழந்தைகளும் ஒரு தந்தையும் மாண்டனர். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், சிக்ஸ் பிளாக்ஸ் பூங்காவின் பேய்க் கோட்டையில் 8 இளைஞர்கள் இறந்தார்கள். வழி தெரியாத ஒரு சிறுவன் ஏற்றிய சிகரெட் கொளுத்தி சுவரிலிருந்த பஞ்சு மெத்தையில் பற்றியது என்றது விசாரணை. அந்தக் கோட்டை உண்மையில் 17 சரக்கு வண்டிப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டியது. சக்கரம் உண்டு, ஆகவே தற்காலிகம் என்று கணக்கிட்டதால் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு வைக்கப்படவில்லை. தற்காலிகம் என்ற சொல்லின் விலை நமக்கும் தெரியும். 2004 இல் 94 குழந்தைகளைப் பறித்த கும்பகோணம் பள்ளியில் எரிந்தது கீற்றுக் கூரை.

நியூ ஜெர்சித் தீக்குப்பின் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் மாறின. இத்தகைய கூடங்களில் தண்ணீர்த் தெளிப்பான் வேண்டும். புகையை உணர்ந்ததும் அலறல் ஒலிகள் நின்று, விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும்.

சீட்டுக் கிழிப்பவரிடம் வெளியேறும் வழி எத்தனை என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். உள்ளே துணியும் தெர்மகோலும் மூங்கிலுமாக இருந்தால், மின்கம்பிகள் எப்படிப் போகின்றன என்று ஒரு பார்வை பாருங்கள். தம்பியின் கையை விடாதீர்கள். வழி தவறினால் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். பேய் வேடம் போட்டு நிற்பவரிடமே கேளுங்கள், சொல்லுவார்.