ஆண்டர்சன், ஜான்
ஜான் ஆண்டர்சன் (பி. 1944), ஆங்கிலேயப் பாடகர், பாடலாசிரியர். லங்காஷயரின் ஆக்ரிங்டனில் பிறந்தவர். 1968இல் கிறிஸ் ஸ்கொயருடன் இணைந்து லண்டனில் ‘யெஸ்’ என்ற புரோகிரசிவ் ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். புரோகிரசிவ் ராக்கின் தலைசிறந்த பாடகர் யார் என்ற வாதத்தில் பீட்டர் கேப்ரியல், கிரெக் லேக், பீட்டர் ஹாமில் ஆகியோரோடு இவர் பெயரும் தவறாமல் எழும். கேப்ரியலுக்கு நாடகத்தன்மை, லேக்குக்குக் கனத்த குரல். ஆண்டர்சனின் பலம் உச்சத்தாயி. அது பொய்க்குரல் அன்று, இயல்பான குரலே அவ்வளவு உயரத்தில் நிற்கிறது. 1972இல் வந்த, யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ தொகுப்பின் தலைப்புப் பாடல் பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் நீள்வது. அதில் குழுவினரான ஸ்டீவ் ஹவின் கிதாரும் ரிக் வேக்மனின் ஆர்கனும் முழங்கும்போதும் அக்குரல் அமுங்குவதில்லை. வரிகளின் பொருள் பிடிபடுவதில்லை என்பர் சிலர். சொல்லை அதன் ஓசைக்காகத் தேர்ந்தவரிடம் அது பெருங்குறையாகாது. கிரேக்க இசையமைப்பாளர் வான்ஜெலிஸுடனும் இசைத்தட்டுகள் வெளியிட்டார். 2008இல் மூச்சுக்கோளாறால் இவர் பாட இயலாதபோது யெஸ் வேறு பாடகரை அமர்த்திக்கொண்டது.