ரப்பர் வளையத்தில் நின்ற சிப்பாய் – ஜி.ஐ. ஜோ அன்றும் இன்றும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைத் தெரியாதவர்கள் சென்னையின் தென்புறநகரில் குறைவு. ஓடாத மிக்ஸி, கண்ணாடி உடைந்த கடிகாரம், பழைய கேமரா, செடி, கோழிக்குஞ்சு என்று எல்லாமும் தரையில் கிடக்கும். அந்தக் குவியல்களில் பொறுமையாகத் தேடினால் எப்போதாவது ஒரு சிறிய பிளாஸ்டிக் சிப்பாய் அகப்படுவதுண்டு. உயரம் மூன்றே முக்கால் அங்குலம். அநேகமாகக் கட்டைவிரல் உடைந்திருக்கும். தூக்கிப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே கால்கள் தளர்ந்து தொங்கும். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கம் வளர்ந்தவர்களில் பலர் அதைப் பார்த்தவுடனே பெயர் சொல்லிவிடுவார்கள்: ஜி.ஐ. ஜோ.

இந்தச் சிப்பாய் இன்று மறு அவதாரம் எடுத்துப் பளபளப்பான பெட்டியில் வந்திருக்கிறான். பழையவன் நல்லவனா, புதியவன் நல்லவனா என்ற விவாதம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆனால் தாம்பரத்திலிருந்து பார்க்கும்போது அதே கேள்விக்குக் கொஞ்சம் வேறு விடை கிடைக்கிறது. அதற்கு முதலில் அவனுடைய பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம்.

1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஏறத்தாழ பன்னிரண்டு அங்குல உயரத்தில் ஒரு ராணுவ பொம்மையை வெளியிட்டது. யோசனை ஸ்டான் வெஸ்டன் என்பவருடையது. அதைப் பொருளாக்கியவர் ஹாஸ்ப்ரோவின் டான் லெவின். பார்பிக்குச் சட்டை மாற்றுவது போல இவனுக்குச் சீருடை மாற்றலாம். இதில் ஒரு சிக்கல் வந்தது. பையன்கள் 'பொம்மை' வைத்து விளையாடுவதாவது என்று அமெரிக்க அப்பாக்கள் முகம் சுளிப்பார்களே! எனவே விற்பனையாளர்கள் யாரும் பொம்மை என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது என்று முடிவு செய்து 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற புதுப் பெயரைச் சூட்டினார்கள். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. மரப்பாச்சியும் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டியும் பொம்மை, துப்பாக்கி ஏந்திய சிப்பாயும் பொம்மைதான். நவராத்திரிக் கொலுவில் கீழே மணல் கொட்டிப் 'பார்க்' அமைக்கும் வீடுகளில், பையனுடைய பிளாஸ்டிக் சிப்பாய்கள் காவலுக்கு நிற்பதும் சகஜம்.

வியட்நாம் போர் அமெரிக்க மக்களிடையே வெறுப்பைச் சம்பாதித்தபோது போர் பொம்மைக்கும் மவுசு குறைந்தது. 1970 வாக்கில் ஜோவின் சீருடையைக் கழற்றிவிட்டு அவனைக் காடு மலை சுற்றும் சாகச வீரனாக்கிப் பார்த்தார்கள். பின்னர் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக் விலை ஏறியது. எழுபதுகளின் பிற்பாதியில் கடையை மூடிவிட்டார்கள்.

இன்று நாம் மறு அவதாரம் என்று பேசுகிறோமே, உண்மையில் முதல் மறு அவதாரம் 1982-லேயே நடந்துவிட்டது. ஸ்டார் வார்ஸ் படத்தின் சின்னஞ்சிறு பொம்மைகள் சக்கைபோடு போட்டதைப் பார்த்த ஹாஸ்ப்ரோ, ஜோவையும் மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருக்கியது. ஒற்றை வீரனுக்குப் பதில் ஒரு படை. எதிரே 'கோப்ரா' என்ற வில்லன் கும்பல். ஒவ்வொரு வீரனுக்கும் அட்டையின் பின்புறம் பெயர், பிறந்த ஊர், பதவி, குணம் எல்லாம் எழுதிய ஒரு விவரக் குறிப்பு. கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். மார்வெல் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ காமிக்ஸையும் அவர்தான் எழுதினார். சிப்பாய் என்றால் வெறும் துப்பாக்கி தாங்கி அல்ல, அவனுக்கும் ஊர் உண்டு, அலுப்பு உண்டு, நகைச்சுவை உண்டு என்று அந்தச் சிறு குறிப்புகளில் காட்டியவர் அவர். முழுக் கருப்பு உடையில் வந்த ஸ்னேக் ஐஸ், முதல் வரிசையில் பெயிண்ட் செலவை மிச்சம் பிடிப்பதற்காகவே அப்படிக் கருப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டான் என்பது சுவையான தகவல். சிக்கனத்துக்காகப் பிறந்தவன் கடைசியில் எல்லோரையும்விடப் புகழ் பெற்றுவிட்டான்!

இந்தப் பொம்மையின் உயிர்நாடி உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். தலை, கைகள், இடுப்பு, கால்கள் தனித்தனியாக வந்துவிடும். கால்களை இணைக்கும் சிறு உலோகக் கொக்கியை அந்த வளையம் இடுப்பு வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறது. அதனால்தான் பொம்மை உட்காரும், மண்டியிடும், இடுப்பைத் திருப்பும். 1983 முதல் முழங்கைக்கு மேலே கை சுழலும் வசதியும் சேர்ந்தது. வளையம் அறுந்தால் சிப்பாய் இரண்டு துண்டு. ஒட்டுப் போட ஒரு ரப்பர் பேண்ட் போதும். ஒருவன் தலையை இன்னொருவன் உடலில் பொருத்தி மூன்றாவது ஆளை உருவாக்காத பையன் எவனும் இருந்திருக்க மாட்டான்.

இனி சென்னைக்கு வருவோம். 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் தயாரிக்கத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப் டயர் நிறுவனமாக வளர்ந்தது. பலூனில் தொடங்கிய அந்த நிறுவனம் நாற்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் விளையாட்டுச் சாமானுக்கே வந்தது. 1987-ல் ஹாஸ்ப்ரோவுடன் கூட்டு சேர்ந்து ஃபன்ஸ்கூல் உருவானது. தலைமையிடம் சென்னை, தொழிற்சாலை கோவா.

அமெரிக்காவில் வேலை முடிந்த அச்சுகளை ஹாஸ்ப்ரோ பிற நாடுகளின் நிறுவனங்களுக்கு அனுப்புவது வழக்கம். பிரேசில், அர்ஜென்டினா போன்ற இடங்களில் ஜோ அப்படித்தான் பிறந்தான். இந்தியாவுக்கும் அச்சுகள் வந்தன. ஆனால் இங்கே ஊற்றிய பிளாஸ்டிக் வேறு, பூசிய வண்ணம் வேறு. அமெரிக்கப் பொம்மையில் பச்சையாக இருந்தது இங்கே வேறு எதுவாகவும் இருக்கலாம். பெயிண்ட் கொஞ்சம் தடிமனாக, பளபளப்பாக இருக்கும். கண்ணும் புருவமும் எப்போதும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. 1994-ல் அமெரிக்காவில் அந்த வரிசை நின்றுபோன பிறகும் ஃபன்ஸ்கூல் இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை விடாமல் தயாரித்தது. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இணையம் மூலம் இந்திய ஜோவைத் தேடி வாங்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் மட்டமான நகல் என்று கருதப்பட்டது அவர்களுக்கு அரிய பொருளாயிற்று.

ஆகவே தாம்பரத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்த ஜோவே ஒரு மறு ஆக்கம்தான். இதை மறந்துவிட்டு 'அசல்' என்று பேசுவதில் அர்த்தமில்லை.

மேலும், இந்தப் பகுதிக்கு ராணுவம் புதிதல்ல. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி இயங்கி வருகிறது. கிரண் ஜெட் விமானத்தின் இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்ப்பது அங்கே அன்றாடம். பரங்கிமலையில் சீனப் போருக்கு மறு ஆண்டான 1963-ல் தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி, 1988-ல் பயிற்சி அகாதமி என்று பெயர் மாறியது. அங்கே 1992-ல் பெண்களுக்கும் பயிற்சி தொடங்கியது. 1982-ன் முதல் ஜோ வரிசையில் ஸ்கார்லெட் என்ற ஒரே ஒரு பெண்தான். பொம்மைப் படையில் முதலில் வந்த பெண்ணுக்கும், நிஜ அகாதமியில் வந்த பெண்களுக்கும் இடையே பத்தே ஆண்டுகள்.

நிஜச் சிப்பாய்கள் ரயிலில் எதிர் இருக்கையில் பச்சை டிரங்குப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ஊரில், பையன்களின் கையில் இருந்தவனோ அமெரிக்கச் சிப்பாய். இது யாருக்கும் உறுத்தவில்லை. அட்டையின் ஆங்கிலம் பாதி புரியாததும் ஒரு விதத்தில் வசதியாயிற்று. ஊரும் பெயரும் பிள்ளைகளே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

சரி, புதியவன் எப்படி?

2007-ல் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவையொட்டி ஹாஸ்ப்ரோ ஒரு வரிசை வெளியிட்டது. உயரம் ஏறக்குறைய பழையதுதான். அட்டைப் படமும் பழையதை ஒத்தது. ஆனால் ரப்பர் வளையம் போய்விட்டது, முதுகு ஸ்க்ரூவும் போய்விட்டது. கணுக்கால் மடங்கும், முழங்கால் இரண்டு இடத்தில் மடங்கும், மார்பு அசையும், உறையில் துப்பாக்கி செருகலாம். முகம் உண்மையிலேயே மனித முகம். பார்வைக்குப் பழையவன் இவன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் சில பொம்மைகளில் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடிக்க வைப்பதே பெரும்பாடு. பழைய ஜோவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு! தவிர, உடைந்தால் உடைந்ததுதான். திறந்து பார்க்க வழியில்லை.

2020-ல் வந்த 'கிளாசிஃபைட்' வரிசை ஆறு அங்குலம். செதுக்கிய நேர்த்தியில் இதுவரை வந்த ஜோக்களில் இதுவே சிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். துணியின் மடிப்பு, பெல்ட்டின் தையல் வரை தெரிகிறது. ஆரம்ப வெளியீடுகள் விண்வெளிப் படம் போலத் தங்க நிறமும் கவசமுமாக இருப்பதாக ரசிகர்கள் குறைப்பட்டார்கள். நிறுவனமும் பிறகு பழைய தோற்றத்துக்கே திரும்பியது. ஆனால் முதல் பெட்டிகளில் இன்னொரு பெரிய குறை இருந்தது. லாரி ஹாமாவின் வழி வந்த அந்த விவரக் குறிப்பு இல்லை. ஊரும் பேரும் இல்லாத சிப்பாய் என்னதான் அழகாக இருந்தாலும் அலமாரிப் பொருள்தான். அளவு பெரிதானதால் ஜீப்பும் டாங்கியும் அதே விகிதத்தில் செய்தால் வீட்டில் வைக்க இடமிருக்காது. பழைய ஜோ சட்டைப் பையில் பள்ளிக்கூடம் போய் வந்தான், புதியவன் கண்ணாடி அலமாரியை விட்டு இறங்க மாட்டான். இது நாற்பது வயதுக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது வெளிப்படை.

விலையையும் பார்க்க வேண்டும். வெளியானபோது அமெரிக்காவில் சுமார் 20 டாலர், அன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,500 ரூபாய். அதே 2020-ல்தான் பொம்மை இறக்குமதி வரி 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆக உயர்ந்தது, 2023-ல் 70 ஆயிற்று. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரையும் கட்டாயம். சீனப் பொம்மை வெள்ளத்தைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு, அதில் நியாயமும் உண்டு. ஃபன்ஸ்கூல் இன்று கோவாவோடு ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை வைத்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஆனால் உள்ளூர் அச்சில் வார்த்து உள்ளூர்க் கடையில் தொங்கிய ஜோ மட்டும் இல்லை. வெளியிலிருந்து வருகிறவனோ 60 சதவிகித வரியோடு சேர்த்தாலே 2,400 ரூபாய், அதுவும் கப்பல் செலவும் ஜி.எஸ்.டி.யும் போக. குரோம்பேட்டையில் எந்தத் தகப்பனார் இதைப் பையனிடம் கொடுத்து மண்ணில் விளையாடச் சொல்வார்?

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் உயிர்நீத்தார். 1983-ல் பிறந்தவர், தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர், பரங்கிமலை அகாதமியில் பயிற்சி பெற்றவர். அமைதிக் காலத்தின் உயரிய வீர விருதான அசோக சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது. 2024-ல் 'அமரன்' திரைப்படம் வந்த பிறகு தமிழகம் முழுக்க அவரைத் தெரியும். ஜோவோடு வளர்ந்த தலைமுறையின் வயதுதான் அவருக்கும். பிறந்த ஊர், படித்த கல்லூரி, பதவி, படைப்பிரிவு என்று அட்டையில் அச்சிட்டிருந்த விவரங்களெல்லாம் முதன்முறையாக அடுத்த தெருக்காரர் ஒருவருக்குச் செய்தித்தாளில் வந்தபோது, அந்தத் தலைமுறை பழைய அட்டையைப் பார்க்கும் விதமும் மாறியிருக்கத்தான் வேண்டும். பொம்மைப் படையில் செத்தவன் ஸ்க்ரூவைத் திருகினால் எழுந்துவிடுவான்.

அமெரிக்காவிலும் ரப்பர் வளையத்தின் மீது ஏக்கம் தீரவில்லை. ஹாஸ்ப்ரோவே அண்மை ஆண்டுகளில் வளையம் வைத்த பழைய அமைப்பில் சில பொம்மைகளை மறுபடி வெளியிட்டது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான் என்றாலும், மூன்று மறு ஆக்கங்களில் இதுவே நேர்மையானது. அழகில் 2020-க்காரன் முதலிடம், விளையாட்டில் பழைய அமைப்புக்கே முதலிடம்.

பல்லாவரம் சந்தையில் கால் தொங்கும் ஜோ கிடைத்தால் பேரம் பேசி வாங்கிவிடலாம். சென்னை வெயிலில் உள்ளிருக்கும் வளையம் காய்ந்து வெடித்திருக்கும், அவ்வளவுதான். குழாய்ச் சாமான் விற்கும் கடையில் பொம்மையையே எடுத்துக் காட்டி அந்த அளவுக்கு ஒரு ஓ-ரிங் கேட்க வேண்டும். ஸ்க்ரூவைத் திருகும்போது அவசரப்படக் கூடாது, பழைய பிளாஸ்டிக் விரிந்துவிடும். கொக்கியை வளையத்தில் மாட்டி, கைகளைப் பள்ளத்தில் பொருத்தி, தலையை நேராக வைத்து மூடினால் சிப்பாய் எழுந்து நிற்பான். கட்டைவிரல் மட்டும் திரும்பாது. துப்பாக்கியை மற்றக் கையில்தான் கொடுக்க வேண்டும்.