அரக்கு முதல் காபன் துணி வரை

கண்டி மாநகரின் வட எல்லையிலுள்ள மஹய்யாவயைக் கடந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. தோட்டங்களின் விளைபொருளை ஏற்றிச் செல்வதற்காக அமைந்த பாதை அது. ஆதலால் வரலாற்று நூல்கள் அதனைப் பெருந்தோட்டங்களின் கதையோடு சேர்த்தே பேசுகின்றன. ஆயின், அப்பாதை சென்று முடியும் மாத்தளைப் பகுதியில் பல்லேஹப்புவிட என்றொரு சிற்றூர் உண்டு. கண்டிக்கு அணித்தாயுள்ள ஹுரிகடுவவும் அதனைப் போன்றதே. இவ்வூர்களின் பெருமை தேயிலையாலும் கொக்கோவாலும் வந்ததன்று. அரக்கு வேலையால் வந்தது.

அரக்கு என்றவுடன் பாண்டவரை அழிக்கத் துரியோதனன் எழுப்பிய மாளிகையே நம்மவர் நினைவுக்கு வரும். அது மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினாகும். கண்டி நாட்டுக் கைவினைஞர் அப்பிசினை நீண்ட ஒடுக்கமான துணிப் பையில் இட்டு, கரி நெருப்பின் மேலே பிடித்து முறுக்குவர். உருகிய அரக்கு துணியின் இழைகளூடாகக் கசிய, அழுக்கு உள்ளே தங்கிவிடும். வடிந்த அரக்கை மீண்டும் மீண்டும் சூடாக்கி, இழுத்து, மடித்து, மறுபடியும் இழுத்துப் பட்டுப் போலாக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நிறங்களைச் சேர்ப்பர். ஹுரிகடுவவிலே கடைசலில் சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் வெப்பத்தில் அது உருகிப் படியும். பல்லேஹப்புவிடவில் அந்த வசதியும் இல்லை. அரக்கை நூலாக இழுத்து, பிரம்பின் மீதோ ஏட்டுச் சுவடியின் மட்டையின் மீதோ பதித்து, வளர்த்த கட்டைவிரல் நகத்தாலேயே வெட்டிக் கோலமிடுவர். நகமே அங்கு உளி.

இவ்வேலையின் நுட்பங்களை எழுத்தில் பதித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிலே பிறந்த அவர், 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அரக்கு வேலைக்கும் இடமளித்தார். அந்நூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. அவரைக் கலை அறிஞராக மட்டும் அறிந்தோர் பலர். அவர் முதலில் நிலவியல் அறிஞர். இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதியின் தலைவராயிருந்தவர். 1900ஆம் ஆண்டிலே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி இலண்டன் நிலவியற் சங்கத்தின் ஏட்டில் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். காரீயமாவது பென்சிலினுள்ளே இருக்கும் கரிப்பொருள். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைப்பது. பிசினையும் கரியையும் ஒருவரே ஆராய்ந்திருக்கிறார். அவ்விரண்டும் ஒன்றுகூடி ஒரு புதிய பொருளாகும் காலத்தை அவர் காணவில்லை, 1947இல் மறைந்துவிட்டார்.

இடைக்காலத்தில் நிகழ்ந்தது யாது? இந்திய அரக்கு கப்பலேறி மேல்நாடு சென்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுக்கள் அரக்குக் கலவையால் ஆனவை. இலங்கை வானொலியின் புகழ்பெற்ற களஞ்சியத்திலிருந்து ஒலித்த எத்தனையோ பாடல்கள் ஒரு பூச்சியின் பிசினிலே தங்கியிருந்தன என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம். மின்சாரத் தொழிலுக்கும் அரக்கு பெரிதும் வேண்டியிருந்தது. தேவை மிகவே, அதற்கு மாற்றுத் தேடப் புகுந்த பெல்ஜியத்தில் பிறந்த அமெரிக்க இரசாயன அறிஞர் லியோ பேக்லாண்டு, 1907இல் செயற்கைப் பிசினொன்றை ஆக்கினார். பேக்லைட் என்ற பெயரில் அது வானொலிப் பெட்டிக்கும் உறையாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய பிசினிலே துணியைத் தோய்த்து, அடுக்கி, அழுத்திக் கெட்டித் தகடுகள் செய்தனர். பிசின் தனியே நொறுங்கும். துணி தனியே துவளும். இரண்டும் சேர்ந்தால் பலகையாய் நிற்கும். கண்ணாடி நாரால் நெய்த துணி வந்தபோது படகுகளும் இம்முறையிலே உருவாயின.

காபன் நார் பிந்தி வந்தது. எடிசன் 1879இல் பருத்தி நூலைக் கரியாக்கி மின்விளக்கில் இழையாக இட்டது உண்மையே. ஆயின் அது தொட்டால் ஒடியும் கரி. 1958இல் அமெரிக்காவில் றொஜர் பேக்கன் வலிமை மிக்க காபன் இழைகளைக் கண்டார். ஜப்பானில் அகியோ ஷிண்டோ செயற்கை நூலிலிருந்து காபன் நார் செய்யும் வழியைக் காட்டினார். 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ ஆய்வுநிலையம் அதனை மேலும் செம்மையாக்கியது. காரீயத்தில் படலம் படலமாக அடுக்கப்பட்டுள்ள அதே அணுக்கள் இங்கே நாரின் நெடுக்கிலே ஒழுங்குபெற்று நிற்கின்றன. ஓரிழை தலைமயிரினும் மிக மெல்லியது. அடர்த்தியோ உருக்கின் கால்பங்கு அளவே.

இப்பொருளின் பலவீனத்தை உலகறியச் செய்தது றோல்ஸ் றொய்ஸ் நிறுவனம். தனது புதிய விமான இயந்திரத்தின் காற்றாடி அலகுகளைக் காபன் நாரால் செய்ய அது முற்பட்டது. எடை குறைந்தது, கணக்கு பொருந்தியது. ஆயின் 1970இல் பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது அலகுகள் சிதறின. டைட்டேனியத்துக்குத் திரும்ப நேர்ந்தது. இயந்திரத்தின் செலவு வேறு காரணங்களாலும் மிகுந்திருக்க, 1971 பெப்ரவரியில் அந்நிறுவனம் முறிந்து அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. உருக்கு வளைந்து எச்சரிக்கும். காபன் அவ்வாறு எச்சரிப்பதில்லை. திடீரென உடையும்.

இன்று இந்தத் துணியும் எப்பொக்சிப் பிசினும் சிறு பட்டறைகளுக்கும் எட்டும் பொருள்கள். மஹய்யாவயிலே வீட்டுத் திண்ணையில் ஒருவர் மோட்டார் சைக்கிளுக்கு ஓர் உறை செய்ய விழைந்தால், அச்சுக்கு மெழுகு பூசி, பிசினையும் கடினமாக்கியையும் விற்பவர் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலந்து, துணியை விரித்துத் தோய்த்து, மிகுதியைப் பிழிந்தெடுக்க வேண்டும். பிசின் கூடினால் வலிமை கூடும் என்பது பேதைமை; எடைதான் கூடும். நாரின் நெடுக்கிலேதான் வலிமை உண்டாகையால், ஓரடுக்கை நேராகவும் மற்றதைச் சாய்வாகவும் இடவேண்டும். கண்டியின் மழைக்கால ஈரத்தில் கடினமாக்கி நீரை உறிஞ்சி, மேற்பரப்பிலே பிசுபிசுப்பை விடும். கலந்த பிசினைக் கோப்பையிலே அதிகமாகத் தேக்கினால் அது தானே சூடேறிப் புகையும். பிசின் தோலில் பட்டால் தீராத ஒவ்வாமை வரலாம். அறுக்கும் தூசு மூச்சிலே சேரலாகாது. கையுறையும் முகக்கவசமும் இன்றி இவ்வேலையில் இறங்குவது அறியாமையன்றி வீரமன்று.

அரக்கு வேலைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இவ்விடத்தே புலப்படுகிறது. நகத்தால் வெட்டிய கோலத்தில் பிழையிருந்தால் அது பிரம்பின் மேலே தெரிந்துவிடும். பார்த்தவர் சிரிப்பர், அவ்வளவே. காபன் துணியில் அடுக்குகளுக்கிடையே காற்று சிக்கினால், மேலே கண்ணாடி போன்ற மினுக்கமும் உள்ளே பிளவுமாக இருக்கும். பானை வாங்குவோர் விரலால் தட்டிப் பார்ப்பது போல, நாணயத்தால் இதனைத் தட்டிப் பார்ப்பது பொறியியலாளரும் கையாளும் வழக்கம். நல்ல இடம் கணீரென்னும். பிளந்த இடம் மந்தமாய் ஒலிக்கும். அத்தகைய சோதனையும் எல்லாக் குறையையும் காட்டிவிடாது. ஆகவே கண்ணாடிச் சட்டத்தையும் பெட்டி மூடியையும் வீட்டிலே செய்யலாம். வண்டியைத் திருப்பும் கைபிடியையும் தடுப்பின் நெம்பையும் செய்யத் துணிதல், தன் உயிரோடு வீதியிற் செல்லும் பிறர் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமேசுவரத்திற் பிறந்த அப்துல் கலாம் தும்பாவில் நாரும் பிசினும் கலந்த பொருள்களை ஆராய்ந்தவர். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி. 3 ஏவுகலம் 1980 யூலை 18ஆம் திகதி உரோகிணிச் செயற்கைக் கோளை விண்ணிலே நிறுத்தியது. பின்னர் அக்னி ஏவுகணைக்கென மிக இலேசான காபன் பொருளொன்று ஆக்கப்பட்டது. ஐதராபாத் நிசாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவரொருவர் அதனைக் கையிலே தூக்கிப் பார்த்துவிட்டு, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கால் நலிந்த சிறுவர் சிறுமியர் ஏறக்குறைய மூன்று கிலோ எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தனர். மூன்று வாரங்களில் புதிய தாங்கிகள் செய்து கொடுக்கப்பட்டன. ஒன்றின் எடை 300 கிராம். பிள்ளைகள் ஓடத் தொடங்கினர் என்றும், பெற்றோர் கண்ணீர் விட்டனர் என்றும் கலாம் பின்னாளிற் பல மேடைகளிலே கூறினார்.