கொச்சிக் காலும் மூன்று மாத்திரைகளும்

மிளகும் இஞ்சியும் நம் மட்டாஞ்சேரியின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. அதே கொச்சியின் பெயரை ஆங்கில வைத்தியர்கள் ஒரு நோய்க்கும் வைத்திருந்தார்கள் என்பது இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யானைக்கால் நோயை அவர்கள் 'கொச்சின் லெக்' என்று குறிப்பிட்டார்கள். நாம் மலையாளத்தாரைப் போலவே 'மந்து' என்போம்.

பெண் பார்க்கப் போகுமுன் "அந்த ஆத்தில் யாருக்காவது மந்து உண்டோ?" என்று காதோடு காதாக விசாரிப்பது என் சிறு வயதில் சகஜம். என் அத்தைப் பாட்டி ஒருவர் கால் வீக்கம் தெரியாமலிருக்க மடிசாரைத் தழையக் கட்டிக்கொண்டு, கல்யாணம் கார்த்திகை எதற்கும் வராமல் சமையலுள்ளிலேயே காலத்தைக் கழித்தார். பூர்வஜன்ம பாபம் என்று அவரே நம்பினார்.

பாபமும் இல்லை, பரம்பரையும் இல்லை. காரணம் நூலிழை போன்ற ஒரு புழு. சீனாவில் பணியாற்றிய டாக்டர் பாட்ரிக் மான்சன், இப்புழுவின் குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் கண்டறிந்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் நிரூபித்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1897-ல்தான்.

கொச்சி நகரில் இந்நோயைப் பரப்புவது சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு. தெற்கே சேர்த்தலைப் பகுதியில் விஷயம் வேறு. அங்கே புழுவும் வேறு இனம், கொசுவும் வேறு இனம். இதைத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் 1930-களில் விரிவாக ஆராய்ந்தவர் எம்.ஓ.டி. ஐயங்கார் என்ற பூச்சியியல் நிபுணர். அவருடைய ஆய்வு நூல் 1938-ல் வெளியாயிற்று. அங்குள்ள மான்சோனியா கொசுவின் புழுப்பருவம் குளத்திலுள்ள ஆகாயத்தாமரையின் வேரைத் துளைத்து, அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே செடியை அகற்றினால் கொசு ஒழியும். ஆனால் அந்தச் செடி தென்னைக்கு நல்ல உரம். குடியானவன் அதை லேசில் விடுவானா? 1980-களில் புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி மையத்தார் சேர்த்தலைக்கு வந்தபோது, செடியை எடுத்த குளங்களில் மீன் வளர்த்து வருமானம் பார்க்கும் வழியையும் காட்டினார்கள். ஜனங்கள் முன்வந்தார்கள்.

தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் ஆரம்பமாயிற்று. இந்தப் புழுக்குஞ்சுகள் பகலில் உள்ளே ஒளிந்திருந்து, இரவில்தான் மேல்ரத்தத்திற்கு வரும். அதனால் சுகாதார ஊழியர்கள் இரவில்தான் வருவார்கள். தூங்கிக்கொண்டிருந்த எங்களை எழுப்பி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் விரலில் ஊசி குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனது நன்றாக நினைவிருக்கிறது. நான் அழுதேன், பாட்டி கதவைத் திறக்கவேயில்லை.

2004-ல் அரசாங்கம் நாடு தழுவிய முறையில் வேறு வழியைக் கையாண்டது. நோய் உள்ள மாவட்டங்களில் எல்லாருக்குமே வருஷம் ஒரு முறை டி.இ.சி. மாத்திரை. பெரியவர்களுக்கு மூன்று, கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் மட்டும் விலக்கு. நான் ஓய்வு பெற்ற புதிது. ஒரு பெண் வந்து மாத்திரையைக் கொடுத்து ரிஜிஸ்தரை நீட்டினார். எனக்குத்தான் நோயில்லையே என்று மாத்திரையை மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் கையெழுத்திட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே.

அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஓய், உமக்கு நோயில்லேன்னு யார் சொன்னா? ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தீரா? கால் வீங்கினவாளை விட, ஒண்ணுமே தெரியாம ரத்தத்திலே புழுவோட நடமாடறவாகிட்டேர்ந்துதான் இது அதிகமாப் பரவறது. மாத்திரை உமக்காக மட்டுமில்லை, அடுத்தாத்துக் குழந்தைக்காகவும்தான்" என்றார்.

வெட்கமாயிருந்தது. நானோ விஞ்ஞானப் பட்டதாரி. அதைவிட உறுத்தியது அந்தக் கையெழுத்து. முப்பது வருஷத்திற்கு மேல் கோப்பு பார்த்தவனுக்கு ரிஜிஸ்தரின் மகிமை தெரியாதா? என் டிராயரில் கிடந்த மாத்திரை சர்க்கார் கணக்கில் 'உட்கொள்ளப்பட்டது'. முதிர்ந்த புழு நாலைந்து வருஷம் உயிரோடிருக்கும். அதனால்தான் மாத்திரையை வருஷா வருஷம் விடாமல் சாப்பிடச் சொல்கிறார்கள். என்னைப் போன்ற கையெழுத்துகள் எத்தனை லட்சமோ! 2002-ம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கை, 2015-க்குள் இந்நோயை ஒழிப்பதாகச் சொன்னது. 2017-ம் ஆண்டுக் கொள்கை கெடுவை 2017 என்றது. இப்போது 2027 என்கிறார்கள். இதற்கிடையே நம் பக்கத்து இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து யானைக்காலை ஒழித்துவிட்டதாக 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டது.

கெடு தள்ளிப்போவதற்குச் சர்க்காரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வருஷம் அந்தப் பெண் வந்தபோது, சாப்பிட்ட கையோடு அவர் கண் முன்னாலேயே விழுங்கினேன். அன்று லேசாகத் தலைவலித்தது, அவ்வளவுதான்.

அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். சுகாதார ஊழியர் இரவில் ரத்தம் எடுக்க வந்தால் கதவைத் திறவுங்கள். மாத்திரை தந்தால் அவர் எதிரிலேயே விழுங்குங்கள். வாசல் சாக்கடையில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். வீட்டிற்குள்ளேயே முடங்கிப்போன என் பாட்டிக்கு இந்தத் தலைமுறை செய்யக்கூடிய சிராத்தம் இதுவே என்று நினைக்கிறேன்.